கோடியக்கரைச் சேறு

சோழமண்டலக் கரை வடக்கிலிருந்து நேராக இறங்கி வந்து கோடியக்கரையில் மேற்கே மடங்குகிறது. அந்த மடிப்பில் நிலம் கடலை ஒட்டியே தாழ்ந்து கிடக்கிறது. காட்டுக்குள் ராமர் பாதம் என்று வணங்கப்படும் மணல்மேடுதான் அங்கே உயரமான இடம். காவிரியின் கடைமடைக் கிளைகள் கொண்டுவந்த வண்டலும் கடல் ஒதுக்கிய மணலும் சேர்ந்து உண்டாக்கிய பெருஞ்சதுப்பு, இங்கிருந்து மேற்கே முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வரை நீள்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும்போது அதில் முழங்காலுக்கும் கீழே நீர் நிற்கும். நீர் வற்றிய இடமெல்லாம் சேறு. 'பொன்னியின் செல்வன்' படித்தவர்களுக்கு இந்தச் சேறு பழக்கம். வந்தியத்தேவன் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு வந்து புதைந்துபோகப் பார்த்த இடம். நாவலில் ஆளை விழுங்க வரும் அந்தச் சேறுதான், வடதுருவத்தை ஒட்டிய நாடுகளிலிருந்து வரும் பறவைகளுக்குக் குளிர்காலம் முழுக்கச் சோறு போடுகிறது.

நண்பர்கள் சிலரோடு அங்கே போனது கரண்டி அலகு உள்ளானைத் தேடி. ஊர்க்குருவி அளவுள்ள பறவை. கிழக்கு ரஷ்யாவின் சுகோட்கா, கம்சட்கா கரையோரங்களில் மட்டும் முட்டையிடுகிறது. குளிருக்குத் தெற்கே இறங்கி, சீனத்தின் தென்கரை, தாய்லாந்து, மியான்மர், வங்கதேசம் என்று கடலோரச் சேறுகளில் தங்குகிறது. உலகம் முழுவதற்கும் எஞ்சியிருப்பது சில நூறு. 1980-களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் வலை விரித்துப் பறவைகளுக்கு வளையம் இட்டபோது இதுவும் அகப்பட்டிருக்கிறது. அந்தக் குறிப்பு ஒன்றுதான் எங்களுக்கு ஆதாரம். பழைய குறிப்பு. அதை நம்பிப் போவது வீண் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு பறவை ஓரிடத்துக்கு வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு, இப்போது வருகிறதா என்று யாராவது போய்ப் பார்த்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

இந்தப் பறவையைத் தேடுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. பக்கவாட்டில் பார்த்தால் அதன் அலகு மற்ற சின்ன உள்ளான்களின் அலகைப் போலவே கறுத்து, நேராகத் தெரியும். அது நம்மை நேருக்கு நேர் பார்க்கும்போதுதான் நுனி விரிந்திருப்பது தெரியும். அதுவும் அலகில் சேறு ஒட்டாமல் இருந்தால். இனப்பெருக்கக் காலத்தில் கழுத்தும் முகமும் செம்பழுப்பாகிவிடும். குளிர்காலத்திலோ மேலே சாம்பல், கீழே வெள்ளை. கொசு உள்ளானும் குளிர்காலத்தில் அதே நிறம், ஏறக்குறைய அதே அளவு. ஆகவே கோடியக்கரையில் இதைத் தேடுவதென்றால், கொசு உள்ளான் கூட்டத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, அது தலை திருப்பும்வரை காத்திருந்து, முகத்தைப் பார்த்து, அடுத்ததற்குப் போக வேண்டும்.

விடியுமுன் வேதாரண்யத்திலிருந்து கிளம்பினோம். பத்துப் பதினோரு கிலோமீட்டர்தான். கோடியக்காடு தாண்டியதும் சாலையின் இருபக்கமும் காடு நெருங்கிவிடுகிறது. உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலார் வகைப்படுத்துவது இதைத்தான். ஆண்டில் பல மாதங்கள் மழையே இல்லாத கரையில், இலை உதிர்க்காமல் நிற்கும் குட்டையான, இறுகிய காடு. பாலை மரம் இதன் தலைமகன். கூடவே காரை, சூரை, கிளா. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் இந்த வகைக் காடு பெரும்பாலும் கோயில்காடுகளாகத் துண்டு துண்டாக எஞ்சியிருக்க, இங்கே கொஞ்சம் விரிந்து நிற்கிறது.

விரிந்து நின்றது என்று சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியபோது இந்தக் காட்டைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போனது. பெரிய பாலை மரங்கள் வேரோடு சாய்ந்தன. மான்களும் குதிரைகளும் பறவைகளும் செத்துக் கரையில் ஒதுங்கின. தென்னை விழுந்ததைப் பற்றி அப்போது எல்லாரும் பேசினோம். பேச வேண்டியதுதான், டெல்டாவின் பிழைப்பே அதில் இருந்தது. பாலை விழுந்ததைப் பற்றிப் பேச ஆளில்லை. தென்னை நட்டால் சில ஆண்டுகளில் காய்க்கும். பாலை மிக மெதுவாக வளரும் மரம். இன்று நடுகிற கன்று நிழல் தருவதைப் பார்க்க நட்டவர் இருக்க மாட்டார்.

எங்களோடு வந்த வனக்காவலர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர். ஓரிடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"இங்கனயே நில்லுங்க சார். பேச வேணாம். இப்பக் கூப்புடும்."

நின்றோம். கிழக்கு வெளுக்கும் நேரம், புதருக்குள்ளிருந்து இரண்டு சுருதியில் ஒரு சீழ்க்கை. எதிர்ப்புறத்திலிருந்து இன்னொன்று. ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிவிட்டுக் குளிருக்குத் தெற்கே வருகிற பறவை. ஐப்பசியில் இந்த மூலை வழியாக இலங்கைக்கும் போகும். அதன் உடம்பில் பச்சை, நீலம், சந்தனம், கறுப்பு, வெள்ளை, அடிவயிற்றில் இரத்தச் சிவப்பு என்று எல்லாம் இருக்கிறது. ஆனாலும் சருகில் நின்றால் கண்ணுக்கு அகப்படாது. காலையிலும் மாலையிலும் குரல் கொடுத்துத் தன் இடத்தைச் சொல்லிவிட்டுப் பகலெல்லாம் இலையைப் புரட்டிப் புழு தின்றுகொண்டிருக்கும். நாங்கள் அதைப் பார்க்கவில்லை, கேட்டோம். காவலருக்கு அது போதவில்லை.

"பாக்காம போறீங்களே சார். போன வாரம் வந்தவங்க வாசல்லயே பாத்தாங்க."

"கேட்டாச்சுல்லண்ணே, போதும்" என்றார் நண்பர். உண்மையில் போதும்தான். நிறையப் பேர் கூடிப் புதரைக் கலைத்து அதன் படத்தை எடுத்துப் போவதைவிட, அது தன் இடத்தில் நின்று கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு நகர்வது எனக்குப் பிடித்திருந்தது.

காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் வெளிமான்கள். 1967-ல் இந்தச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதே பெரும்பாலும் இவற்றுக்காகத்தான். ஆண், வயது ஏற ஏறக் கறுக்கும். முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகும் வெள்ளை வயிறுமாக அது வெட்டவெளியில் நிற்கும்போது ஒளிந்துகொள்ளும் எண்ணமே அதற்கு இல்லை என்று தெரியும். அதன் பாதுகாப்பு முழுவதும் தொலைவில் வருவதைப் பார்ப்பதிலும் ஓடுவதிலும் இருக்கிறது. அதனால் அதற்கு வெளி வேண்டும். மரம் நடுவது எப்போதும் நல்லது என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை இந்தப் புல்வெளிக்கு வந்து பார்க்க வேண்டும். சீமைக்கருவேலம் புகுந்த இடமெல்லாம் வெளிமானுக்கு அடைபட்ட இடம். வனத்துறை அதை வெட்டுகிறது. அது திரும்ப முளைக்கிறது. மான் அதன் நெற்றைத் தின்று விதையைப் பரப்பவும் செய்கிறது. யாரோ எப்போதோ விட்டுப்போன குதிரைகளின் வழிவந்த கூட்டம் வேறு அதே புல்லை மேய்கிறது. அந்தக் குதிரைகளைப் பார்த்துக் கைதட்டும் சுற்றுலாப் பயணிகளை நான் குறை சொல்லவில்லை, அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் குதிரைக்கு இந்த நாட்டில் போக வேறு இடம் உண்டு. தமிழ்நாட்டுக் கரையில் வெளிமானுக்கு இதைப் போல இன்னொரு இடம் கிடையாது.

வெயில் ஏறியபோது சேற்றுக்கு வந்தோம். முக்காலியை ஊன்றித் தொலைநோக்கியைப் பொருத்தியதிலிருந்து உச்சிப்பொழுதுவரை அங்கேயேதான்.

முதல் பார்வைக்குச் சேறு வெறுமையாகத் தெரியும். கண் பழகப் பழக அது நகரத் தொடங்கும். உமரிப் பூண்டின் சிவந்த விளிம்புக்கு அப்பால் பழுப்பாகக் கிடந்தது மண் என்று நினைத்தால் பறவை. அருகே பவளக்காலிகள், ஆள் வந்த செய்தியை எல்லாருக்கும் முதலில் கத்திச் சொல்கிறவை. ஆழம் கூடிய நீரில் நெடுங்கால் உள்ளான். நீர்விளிம்பில் பட்டாணி உள்ளான் வகைகள். நாலு அடி ஓடும், சட்டென்று நிற்கும், குனியும். அவை கண்ணால் பார்த்து இரை எடுப்பவை. தாழ்ந்த நீரில் தையல் எந்திர ஊசிபோல விடாமல் குத்திக்கொண்டிருந்தது வளைமூக்கு உள்ளான் கூட்டம். அவற்றின் இரை கண்ணுக்குத் தெரியாது. அலகின் நுனியில் அழுத்தத்தை உணரும் நுண்ணுறுப்புகள் இருக்கின்றன. சேற்றுக்குள் ஒரு புழு இருக்கிறதா என்று அலகே சொல்லிவிடுகிறது. அலகின் நீளம் எவ்வளவோ அந்த ஆழத்து இரை அந்தப் பறவைக்கு. ஒரு சாண் சேறு இத்தனை வகைப் பறவைக்கும் தனித்தனி அடுக்கில் பரிமாறி வைத்திருக்கிறது. நீர் நான்கு விரற்கடை ஏறினால் ஒரு வகை எழுந்து போய்விடும். நான்கு விரற்கடை வற்றினால் இன்னொன்று.

இவற்றுக்கு நடுவே கொசு உள்ளான். இருபது, இருபத்தைந்து கிராம் எடை. தபாலில் போடும் ஒரு கடிதத்தின் பாரம்தான். சைபீரியத் தூந்திரத்தில் பொரித்த குஞ்சு, தாய் தகப்பன் துணையில்லாமல் தானே கிளம்பி இங்கே வருகிறது. பெரியவை முன்னமே புறப்பட்டுப் போயிருக்கும். வழி காட்ட யாருமில்லாமல், வந்திராத ஊருக்கு, முதல் முறையிலேயே வந்து இறங்குகிற இந்தத் துணிச்சலுக்கு முன்னால் எங்கள் தேடல் ரொம்பச் சின்னது. அப்படி வந்த இளம் பறவைகளில் பல அடுத்த கோடையில் திரும்பிப் போவதுமில்லை. சித்திரை வெயிலிலும் இந்தச் சேற்றிலேயே இருந்துவிட்டு, அதற்கு அடுத்த ஆண்டுதான் வடக்கே ஏறும்.

முகம் பார்க்கத் தொடங்கினோம். ஒரு கொசு உள்ளான், அலகு கூர்மை. அடுத்தது, கூர்மை. அதற்கடுத்தது தலை திருப்பவில்லை. காத்திருந்தோம், திருப்பியது, கூர்மை. ஒரு நண்பர் இடமிருந்தும் இன்னொருவர் வலமிருந்தும் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் பருந்தொன்று மேலே கடந்ததும் கூட்டம் முழுவதும் எழுந்து, வெள்ளையாகத் திரும்பி, கருமையாகத் திரும்பி, வேறிடத்தில் இறங்கியது. முதலிலிருந்து தொடங்கினோம்.

இப்படிப் பார்க்கும்போது ஒன்று நடக்கிறது. 'கொசு உள்ளான் கூட்டம்' என்று குறிப்பேட்டில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறவற்றில், இதற்கு ஒரு கால் ஊனம் என்று தெரிகிறது. இது பக்கத்தில் வருகிறவற்றை விரட்டிக்கொண்டே இருக்கிறது. இதன் முதுகிறகின் ஓரத்தில் இன்னும் இளமைக் கால வெளிறல் போகவில்லை, போன ஆனியில் பொரித்தது. இது மற்றவை மேயும்போது தூங்குகிறது. எங்கும் மலிந்தது என்று சொல்லிக் கடந்துபோகும் பறவையை இவ்வளவு நேரம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கரண்டி அலகு உள்ளான் என்று ஒன்று உலகத்தில் இல்லாவிட்டால் பார்த்திருக்கவும் மாட்டேன்.

வளைமூக்கு உள்ளானைப் பற்றி இங்கே சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. அது முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், தைமீர் தீபகற்பம் போன்ற இடங்களில். நேர்கோட்டில் அளந்தாலே இங்கிருந்து 7,000 கிலோமீட்டருக்கு மேல். அந்த நாட்டில் லெம்மிங் என்றொரு எலியினம் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது கணக்கில்லாமல் பெருகும், பிறகு சரியும். பெருகிய ஆண்டில் துருவ நரிகள் லெம்மிங்கைத் தின்று வயிறு நிறைந்து கிடக்கும். உள்ளான் குஞ்சுகள் பிழைக்கும். லெம்மிங் இல்லாத ஆண்டில் நரிக்கு உள்ளான் முட்டையும் குஞ்சும்தான் இரை. அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் தெற்கே வரும் கூட்டத்தில் இளம் பறவை அரிதாகிவிடும். சைபீரியாவில் எலி பெருகியதா இல்லையா என்பதைத் தெற்கே ஒரு சேற்றங்கரையில் உட்கார்ந்து, இளம் பறவைகளை எண்ணியே ஊகித்துவிடலாம். கோடியக்கரைச் சேறு அவ்வளவு தூரத்து இரைச்சங்கிலியோடு கட்டப்பட்டிருக்கிறது. அதை நாகப்பட்டினம் மாவட்டத்துப் புறம்போக்கு என்று மட்டும் பார்க்கிற கண்ணுக்கு இது எட்டாது.

இந்தச் செய்தியெல்லாம் நமக்குக் கிடைத்தது இங்கே வலை விரித்து வேலை செய்தவர்களால். பறவையியலாளர் சலீம் அலி இந்த மூலையின் பெருமதிப்பை உணர்ந்து சொன்னார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே களநிலையம் வைத்தது, எஸ். பாலச்சந்திரன் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளை இந்தச் சேற்றுக்கே கொடுத்தார்கள். பறவை பிடிப்பதைக் குலத்தொழிலாகக் கொண்ட பீகாரின் மிர்ஷிகார்களைக் கழகம் வேலைக்கு வைத்துக்கொண்டது. சமையலுக்கும் சந்தைக்கும் பறவை பிடித்த கைகள், ஒரு இறகு உதிராமல் பிடித்து, அளந்து, எடை போட்டு, காலில் அலுமினிய வளையத்தை மாட்டித் திரும்பப் பறக்கவிடும் வேலைக்கு வந்தன. இந்திய அறிவியல் வரலாற்றில் அந்த வலைக்காரர்களுக்கு இன்னும் பெரிய இடம் தரப்பட வேண்டும். இன்று காலில் வண்ணப் பட்டை கட்டுகிறார்கள்; பறவையை மறுபடி பிடிக்காமல் தொலைநோக்கியிலேயே படித்துக்கொள்ளலாம். அத்தனை ஆண்டுப் பதிவுகளும் சேர்ந்து சொல்வது மகிழ்ச்சியான செய்தியல்ல. கரைப்பறவைகளின் வரத்து கோடியக்கரையில் பெரிதும் குறைந்திருக்கிறது. குறைந்தவை அரிய பறவைகள் மட்டுமல்ல. கொசு உள்ளானும் வளைமூக்கு உள்ளானும்தான் அந்தக் கணக்கில் பெரும்பங்கு.

உச்சி வெயிலில் உப்பளப் பக்கம் போனோம். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய மண் இது. உப்பு இங்கே பிழைப்பும் பெருமையும். பறவைகளின் பக்கம் நின்று பேசுகிறவர்கள் உப்பளம் என்றாலே எதிரியாகப் பேசுவது எனக்கு ஒப்பாது. கடல்நீரை முதலில் வாங்கி நிறுத்தும் தேக்கங்களில் மீனும் புழுவும் இருக்கும். பறவைகள் அங்கே நன்றாகவே மேய்கின்றன. நீர் பாத்தி பாத்தியாக நகர்ந்து உப்பு ஏற ஏற உயிர்கள் ஒவ்வொன்றாக விலகும்; ஆர்ட்டீமியா என்ற சின்ன இறாலினம் மட்டும் மிஞ்சும், பூநாரைக்கு அது விருந்து; கடைசியில் அதுவும் இராது. தொல்லை, உப்பளம் சதுப்பின் ஓரத்தில் இருப்பதில் இல்லை. சதுப்பே உப்பளமாகிக்கொண்டு போவதில் இருக்கிறது. மழைநீர் வந்து உப்பைக் கரைத்து, மறுபடி கடல்நீர் ஏறி, மறுபடி வற்றும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் புழு பெருகும். நீரை வரப்புக்குள் அடைத்து ஒரே உப்பில் நிறுத்தினால் அந்த ஆட்டம் நின்றுவிடும். காவிரியும் தன் பங்குக்குக் குறைந்துவிட்டது. இது கடைமடைக்கும் கடைமடை. பயிருக்கே தண்ணீர் எட்டாத இடத்தில் பறவைக்கு என்று யார் திறந்துவிடுவார்கள்?

2002-ல் கோடியக்கரை, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறியது. சரணாலயமும் பெருஞ்சதுப்பும் அலையாத்தியும் சேர்த்து 38,500 ஹெக்டேர். அடுத்த இருபது ஆண்டுகள் தமிழ்நாட்டுக்கு அது ஒன்றுதான் ராம்சார் நிலம். 2022-க்குப் பிறகு பள்ளிக்கரணை, பிச்சாவரம், வேடந்தாங்கல் என்று பட்டியல் வேகமாக நீண்டது. மகிழ்ச்சி. பட்டியலில் ஏறிய சதுப்புக்குள் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தடைபடுகிறது என்று ஆண்டுதோறும் பார்க்க ஆளிருந்தால் அந்த மகிழ்ச்சி நிலைக்கும்.

பிற்பகலில் கடற்கரை. சீசனுக்கு வந்து தங்கும் மீனவர்களின் கொட்டகைகளைத் தாண்டி நடந்தால், 2004 ஆழிப்பேரலையில் இடிந்த சோழர் காலக் கலங்கரை விளக்கம் நின்ற இடம். அதற்கு அப்பால் ஒரு பங்குனி ஆமை ஒதுங்கிக் கிடந்தது. கண்ணும் கழுத்தும் வீங்கியிருந்தன. தையிலிருந்து பங்குனி வரை முட்டையிடக் கரைக்கு வரும் ஆமைகள் இழுவலையில் சிக்கினால், மேலே வந்து மூச்சு வாங்க முடியாமல் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் சாகின்றன. வலையில் ஆமை தப்பிப் போக வழிவிடும் கருவி இருக்கிறது. இறால் கொஞ்சம் நழுவும் என்பதால் அதைப் பொருத்தத் தயக்கம். காவலர் நீளத்தை அளந்து குறித்துக்கொண்டார். வனத்துறை இங்கே முட்டைகளைச் சேகரித்துப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறது.

"ஒரு பக்கம் விடுறோம், ஒரு பக்கம் பொதைக்கிறோம்" என்றார். அவர் குரலில் சலிப்பு இல்லை. வேலை அப்படித்தான் என்ற தெளிவு இருந்தது. குழி தோண்ட நாங்களும் கை கொடுத்தோம்.

மாலை முனியப்பன் ஏரியில் பூநாரைகள் வெளிறிய ஒரு கோடாகத் தொலைவில் நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அன்றைய தேடலின் கணக்கு எங்கள் பேச்சில் வந்தது. கரண்டி அலகு உள்ளான் இல்லை. அரிது என்று சொல்லத்தக்க பறவையாக அன்று நாங்கள் பார்த்தவை அதிகமில்லை. அப்போதிருந்து அரிது என்பதைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பறவை பார்ப்பவர்கள் இரண்டு விதமான அரிதை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள் என்று எனக்குப் படுகிறது. ஒன்று, காற்று திசை மாற்றிவிட்டதால் தன் வழக்கமான பாதையை விட்டு வந்து நம் கரையில் இறங்கிய பறவை. அதன் நாட்டில் அது ஏராளம்; இங்கே மட்டும் அரிது. அதைப் பார்ப்பது நல்லூழ், அவ்வளவே. அந்த அரிதில் யாருடைய தவறும் இல்லை. இன்னொன்று, இருந்த இடத்திலேயே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிற பறவை. கரண்டி அலகு உள்ளான் பிறவியில் இவ்வளவு அரிது அல்ல. அது வடக்கேயும் தெற்கேயும் போகும் வழியில் மஞ்சள் கடலின் சேற்றில் இறங்கித் தின்று தேறும். அந்தச் சேற்றைத் தொழிற்சாலைக்கும் விளைநிலத்துக்குமாகச் சுவர் வைத்து மறித்தார்கள். தென்கொரியாவின் சேமங்கம் என்ற இடத்தில் மட்டும் 33 கிலோமீட்டர் நீளக் கடற்சுவர் 2006-ல் மூடப்பட்டது. அந்தச் சேற்றை நம்பியிருந்த பெரிய நாட் உள்ளான் என்ற பறவை அடுத்த சில ஆண்டுகளில் கொத்தாகக் குறைந்தது. அது வேறெங்கோ போய்ப் பிழைத்துக்கொள்ளவில்லை. வேறெங்கும் இடம் இல்லை. மியான்மரின் மொட்டமா வளைகுடாவில் உணவுக்காகப் பறவை பிடித்த ஏழை மீனவர்களுக்கு மாற்றுப் பிழைப்பு கொடுத்ததும் அங்கே வலை சுருண்டது. வேட்டைக்கு அப்படி ஒரு தீர்வு இருந்தது. போன சேற்றுக்கு இல்லை.

நம்மிடமும் இதற்கு உதாரணம் உண்டு. சத்திமுத்தப் புலவர் குளிரில் நடுங்கியபடி தூது விட்ட செங்கால் நாரையைப் பள்ளியில் படிக்காத தமிழர் குறைவு. அவருடைய ஊர் இதே காவிரிப் படுகையில், கும்பகோணத்துக்குப் பக்கத்தில். இன்று தமிழ்நாட்டில் ஒரு குளிர்காலத்தில் அந்த நாரை நாலைந்து சேர்ந்து தென்பட்டால் பறவை பார்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பிக்கொள்கிறார்கள். பாட்டு மனப்பாடமாக இருக்கிறது. பாட்டில் வந்த பறவைக்காக வண்டி கட்டிக்கொண்டு போய்த் தேட வேண்டியிருக்கிறது.

கொசு உள்ளானுக்கும் அப்படியொரு நாள் வரலாம் என்பதுதான் என்னைக் கலங்கவைக்கிறது. அரிய பறவைக்கு ஆர்வலர் கூட்டம் உண்டு, திட்டம் உண்டு, பணம் உண்டு. கரண்டி அலகு உள்ளானின் முட்டையை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்கவைத்து வளர்த்து விடுகிறார்கள். செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் மலிந்த பறவை பாதியாகக் குறைந்தால் அது யாருடைய கண்ணிலும் படாது. இன்னும் ஆயிரம் இருக்கிறதே என்று தோன்றும். அந்த ஆயிரம் முன்பு எவ்வளவாக இருந்தது என்று சொல்ல எழுதிவைத்த கணக்கு வேண்டும். கோடியக்கரைக்கு அந்தக் கணக்கு இருக்கிறது, வலை விரித்தவர்கள் எழுதிவைத்தார்கள் என்பதால். தமிழ்நாட்டின் மற்ற ஆயிரக்கணக்கான ஏரிகளுக்கும் குளங்களுக்கும் கழிமுகங்களுக்கும் பெரும்பாலும் இல்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் ஜனவரியில் பொங்கலையொட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. அதற்குக் கோடியக்கரைக்கோ வேடந்தாங்கலுக்கோ போக வேண்டியதில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிற நீங்கள், உங்கள் ஊர் ஏரிக்கரையில் காலையில் ஒரு பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, தென்படுகிற பறவை ஒவ்வொன்றையும் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். குழந்தைகளையும் கூட்டிப் போங்கள், கண் அவர்களுக்குக் கூர்மை. அரிய பறவை எதுவும் இல்லையே என்று பதியாமல் விட்டுவிடாதீர்கள். காகம், மைனா, மடையான், தவிட்டுக்குருவி, வரப்பில் ஓடும் ஒற்றை உள்ளான் என்று எல்லாவற்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். அடுத்த ஆண்டும் அதே கரைக்குப் போய் எழுதுங்கள்.